மலைப் பழக் கேள்விகள்: குளிரை எண்ணும் மரங்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் "ஏற்காட்டில் ஆப்பிளை எதிர்பார்க்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்து விழுந்த கடிதங்களைப் பார்த்தால், சேலத்துக்காரர்களில் பாதிப் பேர் எங்கேயோ ஒரு ஆப்பிள் கன்றை நட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க மலைப் பழங்கள்தான். சொத்து வரி பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

"நான்கு வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் 'காஷ்மீர் ஆப்பிள், மூன்றே வருடத்தில் காய்க்கும்' என்று சொல்லி விற்ற கன்றை வாங்கி, எங்கள் காபித் தோட்டத்து ஓரத்தில் நட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது, இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. ஏற்காடு குளிரான ஊர்தானே, பிறகு ஏன்?"
வாசகர், நாகலூர்

குளிரான ஊர்தான், நமக்கு. சேலத்தில் வெந்துபோய் மேலே ஏறி இருபதாவது கொண்டை ஊசி வளைவில் ஜன்னலைத் திறந்தால் சொர்க்கம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். ஆக, எட்டு டிகிரி வித்தியாசம். நமக்கு அது போதும். ஆப்பிளுக்கு அது ஆரம்பமே இல்லை.

காரணம், ஆப்பிள் மரத்துக்கு வேண்டியது "குளுகுளு" இல்லை. அது குளிரை எண்ணுகிறது. பனி கொட்டும் நாடுகளில் வளர்ந்த மரம், கோடையிலேயே அடுத்த வருடத்துப் பூ மொட்டை உருவாக்கி, செதில் போர்த்தி மூடி வைத்துவிட்டு, இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போகும். நடுக் குளிர்காலத்தில் திடீரென்று நான்கு நாள் வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து பூத்துவிடக் கூடாது. பூத்தால் அடுத்த பனியில் எல்லாம் கருகிவிடும். அதனால் ஒரு பூட்டு வைத்திருக்கிறது. இத்தனை மணி நேரம் குளிரை அனுபவித்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும், அதற்கப்புறம்தான் வெயில் சொல்வதைக் கேட்கும். பழைய கணக்குப்படி 7 டிகிரிக்குக் கீழே போகும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மதிப்பெண். சிம்லா, காஷ்மீர் பக்கத்து டெலிசியஸ் ரகங்களுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். மார்கழியில் ஏற்காட்டு இரவு 12, 13 டிகிரி, பகலில் இருபதைத் தாண்டிவிடும். உங்கள் மரத்தின் நோட்டில் நான்கு வருடமாக விழுந்திருப்பது ஏறக்குறைய பூஜ்யம்தான். பாவம், அது தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் அப்புறம் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் பீச் மரங்களை வைத்து ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். இரண்டரை டிகிரியிலிருந்து ஒன்பது டிகிரி வரை இருந்தால் முழு மதிப்பெண், பன்னிரண்டு வரை அரை மதிப்பெண், பதினாறைத் தாண்டினால் ஏற்கெனவே வாங்கியதிலிருந்து கழிப்பார்கள். அதாவது இரவில் சேர்த்ததைப் பகல் தின்றுவிடும். இது குளிர் நாட்டுக்குச் சரியாக வந்தது, வெப்ப நாட்டுக்கு வரவில்லை. கூட்டிக் கழித்தால் சில ஊர்களில் விடை மைனஸில் போய் நின்றது, ஆனால் அங்கே மரம் என்னவோ பூத்துக்கொண்டிருந்தது! 1980களில் இஸ்ரேலில் இதைச் சரிசெய்தார்கள். அவர்கள் சொன்னதை நம் வீட்டு மொழியில் சொன்னால், தயிர் உறைவது மாதிரி. பாதி உறைந்திருக்கும்போது பாத்திரத்தை ஆட்டினால் கெட்டது. உறைந்து முடிந்துவிட்டால் தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. மொட்டுக்குள்ளும் குளிரில் ஏதோ ஒன்று மெல்லத் திரள்கிறது, பாதியில் வெயில் அடித்தால் கரைந்துவிடும், ஒரு பங்கு முழுதாகத் திரண்டுவிட்டால் அதை எந்த வெயிலும் தொட முடியாது. இப்படிப் பங்கு பங்காக எண்ணும் முறைதான் வெப்பப் பகுதிகளுக்கு இன்று பொருந்தி வருகிறது.

அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு மெக்சிகோவில் கிடைத்த ஒரு பீச் மரம் வழிகாட்டியது. அது தூங்கவே தெரியாத மரம். குளிர்காலம் வந்தாலும் நுனி துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, வரிசையாக ஆறு மரபணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதி அறுந்துபோயிருந்தது. உறக்கத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான் என்று தெரிந்தது.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். பிடுங்க வேண்டாம். வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது, அதுவே பாதிச் சொத்து. குறைந்த குளிரில் பூக்கும் ரகத்தின் குச்சியை அதன்மேல் ஒட்டுக் கட்டுங்கள். இஸ்ரேலில் உருவான 'அன்னா' ரகத்துக்கு 200, 300 மணி நேரம் போதும். அது தனியாக நின்றால் காய்ப்பு குறைவு, பக்கத்துக் கிளையில் 'டார்செட் கோல்டன்' ரகத்தையும் ஒட்டிவிடுங்கள். இது பனியையே பார்க்காத பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த ரகம். நம் நாட்டிலும் இமாச்சலத்தின் தாழ்ந்த மலையான பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார், எச்.ஆர்.எம்.என்.-99 என்று பெயர், 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பாத்து என்ற மலை ஊர் நம் ஏற்காட்டைவிடவும் தாழ்ந்த இடம், பூமத்திய ரேகைக்குப் பக்கம், குளிர்காலம் என்பதே கிடையாது. ஆனால் பல தலைமுறையாக ஆப்பிள் விளைவிக்கிறார்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டு போகம். அறுவடை முடிந்து ஒரு மாதத்தில் மரத்து இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து தூங்குவதற்கு முன்னாலேயே, கண் சொருகும் நேரத்தில் தட்டி எழுப்பிவிடுவதுதான் உத்தி. பூட்டைத் திறப்பதற்குப் பதில் பூட்டவே விடாமல் செய்கிறார்கள். நீங்கள் ஒரே ஒரு கிளையில் இதைச் செய்து பார்க்கலாம். முழு மரத்திலும் முதல் வருடமே உருவி வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

விற்றவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அவர் சொன்னது காஷ்மீருக்கு உண்மையாக இருந்திருக்கலாம்.

*

"அப்படியானால் எங்கள் ஊர் மல்கோவாவை மேலே கொண்டுபோய் வைத்தால் நன்றாக வருமா?"
வாசகி, அழகாபுரம், சேலம்

வராது அம்மா, இது ஆப்பிளுக்கு நேர் எதிர். மாமரமும் பூக்கக் குளிர்ந்த இரவு கேட்கும், நம் சமவெளியில் மார்கழி, தையில் கிடைக்கிற குளிர் அதற்குக் கச்சிதம். மேலே போனால் பூ வரும், ஆனால் குளிர் அதிகமாகி மகரந்தம் வீரியம் இழக்கும், பனி ஈரத்தில் பூங்கொத்தில் வெள்ளை மாவு மாதிரி சாம்பல் நோய் படரும், பிஞ்சு நிற்காது. அறுநூறு மீட்டருக்கு மேல் மாவை வியாபாரத்துக்கு நடுவதில்லை. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் 1918இல் ஒரு கணக்குச் சொன்னார்: நானூறு அடி ஏறினால் வசந்தம் நான்கு நாள் தள்ளி வரும் என்று. அது அவர்கள் ஊர்க் கணக்கு. ஆனால் பூவின் தேதி உயரத்தோடு சேர்ந்து நகர்கிறது என்பது எல்லா மலைக்கும் பொருந்தும். மல்கோவாவைக் கீழேயே விடுங்கள், மேலே போகும்போது ஒரு பை எடுத்துப் போங்கள்.

*

"ஏற்காட்டுப் பேரிக்காயைக் கடித்தால் மணலைக் கடிப்பது போல் நறநறவென்று இருக்கிறதே, சரியாகக் கழுவவில்லையா?"
வாசகர், சூரமங்கலம்

கழுவினாலும் போகாது. சதைக்குள்ளேயே கல் செல்கள் என்று ஒன்று உண்டு, மரக்கட்டைக்கும் தேங்காய் ஓட்டுக்கும் கடினம் தருகிற லிக்னின் என்ற பொருள் அவற்றின் சுவரில் படிந்து குட்டிக் கற்களாகத் திரண்டிருக்கும். எல்லாப் பேரியிலும் உண்டு, நம் மலை நாட்டு ரகத்தில் கூடுதல். பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம், மரத்திலேயே விட்டால் வெளியே கல்லாக இருக்கும்போதே உள்ளே குழகுழத்துவிடும். அதனால் முற்றியதும் பறித்து வைக்கோலில் வையுங்கள். இல்லையென்றால் வழக்கம்போல உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதற்கு இந்த நறநறப்புதான் பொருத்தம்.

*

"ஆப்பிளின் பூர்வீகம் இங்கிலாந்தா, அமெரிக்காவா? வகுப்பில் சண்டை."
பிளஸ் ஒன் மாணவர், ஓமலூர்

இரண்டு கட்சியும் தோற்றது கண்ணு. ஆப்பிள் பிறந்தது கஜகஸ்தான் பக்கத்துத் தியான் ஷான் மலைச் சரிவுகளில். அங்கே இன்றும் காட்டு ஆப்பிள் மரங்கள் காடாகவே நிற்கின்றன. 1929இல் நிக்கோலாய் வவிலோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி அல்மாட்டி நகரத்துக்குப் போனபோது, ஊரைச் சுற்றி மலையெல்லாம் காட்டு ஆப்பிளாக இருப்பதைப் பார்த்தார். சிறுசு, பெருசு, பச்சை, சிவப்பு, புளிப்பு, இனிப்பு என்று ஒரே மலையில் இத்தனை வகை இருக்கிறதென்றால் இதுதான் தாய்வீடாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஒரு பயிருக்கு எங்கே வகை அதிகமோ அங்கேதான் அதன் பிறப்பிடம் என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்ட கொள்கை. அவர் சொன்னது சரிதான் என்று 2010இல் ஆப்பிளின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தபோது உறுதியானது. அங்கிருந்து பட்டுப் பாதையில் வியாபாரிகளோடும் ஒட்டகங்களோடும் மேற்கே போன பழம் வழியில் ஐரோப்பியக் காட்டு ஆப்பிளோடும் கலந்தது.

சுவையான ஒரு கருத்து உண்டு. அந்தக் காட்டில் பெரிய, இனிப்பான பழத்தைத் தேடித் தின்று விதையை எச்சத்தோடு போட்டு, மனிதனுக்கு முன்பே ஆப்பிளைப் பொறுக்கி வளர்த்தவை கரடிகள்தான் என்பார்கள். அழிந்துபோன பெரிய விலங்குகளுக்கும் பங்கு உண்டு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கரடிக்கு என் ஓட்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஆப்பிள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் ஒரு பழத்தில் ஐந்து விதை இருந்தால் ஐந்தும் ஐந்து விதமான மரமாகும், ஒன்றுகூடத் தாயைப் போல இருக்காது. பிடித்த பழம் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் மலையில் நிற்கும் காட்டு மரங்களுக்கு இத்தனை மதிப்பு. நோய் தாங்கும் குணம், குளிர் தாங்கும் குணம் எல்லாம் அங்கேதான் சிதறிக் கிடக்கிறது, நம் கடையில் அடுக்கியிருக்கும் நான்கு ரகத்தில் இல்லை.

வவிலோவின் முடிவு மட்டும் சொல்ல மனமில்லை. உலகம் முழுக்கச் சுற்றி விதை சேர்த்தவர், ஸ்டாலின் காலத்துச் சிறையில் 1943இல் பட்டினியால் செத்தார்.

*

"சிறு வயதில் ஏற்காடு போனால் ரோட்டோரம் கூடை கூடையாகக் கமலா ஆரஞ்சு. இப்போது பாதிக் கடையில் நாக்பூர்ப் பழம். இருக்கிற உள்ளூர்ப் பழமும் சில சமயம் பச்சையாகவே இருக்கிறது, ஆனால் இனிக்கிறது. என்ன நடந்தது?"
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அம்மாபேட்டை

முதலில் பச்சை. ஆரஞ்சின் நிறத்துக்கும் பழுப்புக்கும் சம்பந்தமே இல்லை ஐயா. தோலில் இருக்கும் பச்சையம் சிதைந்து உள்ளிருக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய வேண்டுமானால் இரவு 13 டிகிரி பக்கம் இறங்க வேண்டும். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே பழுத்துவிடும், தோல் பச்சையாகவே இருக்கும். வெப்ப மண்டலத்தில் பல ஊர்களில் ஆரஞ்சு என்றாலே பச்சைதான். ஏற்காட்டில் கார்த்திகை, மார்கழியில் பறித்த பழம் நிறமாகவும் அதற்கு முந்திப் பறித்தது பச்சையாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். நிறத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள், தோலை விரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் வாங்கலாம்.

மரங்கள் போன கதை வருத்தமானது. இது நம் மலையில் மட்டும் நடந்ததில்லை, குடகு, பழனி மலைச் சரிவு எல்லாம் இதே கதைதான். முக்கியமான குற்றவாளி கிரீனிங் என்ற பாக்டீரியா நோய். மரத்தின் சாறு ஓடும் குழாயிலேயே குடியேறி அடைத்துவிடும், இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் கோணலாகச் சின்னதாகக் கசப்பாக வரும், நுனியிலிருந்து காய்ந்து சில வருடத்தில் மரம் பட்டுப்போகும். மருந்து கிடையாது. இதைச் சுமந்து பரப்புவது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி. இளம் துளிரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக நிற்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். அதற்குப் பிடித்த இன்னொரு வீடு எது தெரியுமா? கறிவேப்பிலை. நோய்க் கிருமி கறிவேப்பிலையில் தங்குவதாகத் தெரியவில்லை, ஆனால் பூச்சி அங்கே சுகமாகக் குஞ்சு பொரிக்கும். ஆரஞ்சுத் தோட்டத்து வேலியோரம் கறிவேப்பிலை வைத்திருப்பவர்கள் துளிர் விடும் காலத்தில் ஒரு கண் வைத்திருங்கள்.

இந்தப் பூச்சிக்கு வெப்பம் பிடிக்கும், மேலே போகப் போகக் குறையும். உயரம்தான் இத்தனை காலம் மலை ஆரஞ்சுக்கு வேலியாக இருந்தது. கீழிருந்து நோயுள்ள ஒட்டுக் கன்றுகளை வாங்கி மேலே கொண்டுபோனால் வேலியை நாமே திறந்துவிட்ட மாதிரி. புதிதாக வைப்பவர்கள் பரிசோதித்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எட்டிப் பார்த்துக் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

*

"பட்டர் ஃப்ரூட் மரம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறோம். பூ பூத்தால் இலையே தெரியாது. காய் மட்டும் பத்துகூட நிற்பதில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார்."
வாசகி, செம்மநத்தம்

மாமியாரிடம் சொல்லுங்கள், கண் இல்லை, கடிகாரம். ஒரு பட்டர் ஃப்ரூட் பூவை எடுத்து உற்றுப் பாருங்கள், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இரண்டுமே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. பூ இரண்டு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாக: நடுவில் சூல்முடி வெளுப்பாக நிமிர்ந்து நிற்கும், மகரந்தத் தாள்கள் இதழோடு படிந்து கிடக்கும். பிறகு மூடிக்கொள்ளும். இரண்டாம் முறை திறக்கும்போது ஆணாக: தாள்கள் எழுந்து நின்று மகரந்தம் கொட்டும், சூல்முடி வாடிவிட்டிருக்கும்.

இதில் இரண்டு சாதி. ஒரு வகை காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். இன்னொரு வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். அதாவது ஒரே வகை மரம் மட்டும் இருந்தால், காலையில் திறந்த ஆயிரம் பூவும் பெண்ணாக நிற்கும், மகரந்தம் கொடுக்க ஆள் இருக்காது. மாலையில் எல்லாமே ஆண். ஒரே கல்யாண மண்டபம், பெண் வீட்டார் காலையில் வந்து போய்விட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் மாலையில் வருகிறார்கள். எதிர் வகை மரம் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டும் சந்திக்கும். குளிர் கூடுதலான நாட்களில் இந்தக் கடிகாரம் தடுமாறி நேரம் தள்ளிப்போய் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும், உங்களுக்கு அந்தப் பத்துக் காய் கிடைத்தது பெரும்பாலும் அப்படித்தான்.

நாளை காலை ஒன்பது மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பூவைப் பாருங்கள். காலையில் பெண்ணாக இருந்தால் உங்களுடையது முதல் வகை, எதிர் வகையில் ஒரு ஒட்டுக் கன்று வாங்கி இருபது, முப்பதடி தள்ளி நடுங்கள். விதையில் முளைத்த கன்று எந்த வகையாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, காய்க்கவும் வருடக்கணக்காகும். இடம் இல்லையென்றால் இருக்கிற மரத்திலேயே ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிவிடலாம். பூக்கும் நாட்களில் மருந்து தெளிக்காதீர்கள், அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் உங்களுக்குத் தரகர்கள். அப்புறம், எல்லாப் பூவும் காயாகும் என்ற ஆசையும் வேண்டாம், நல்ல மரத்திலேயே ஆயிரத்தில் ஒன்று தங்கினால் பெரிய விஷயம்.

*

"உயரமான மலையில் விளைந்த பழத்துக்குச் சத்து அதிகமா? 'இமாலயன் பெர்ரி' ஜூஸ் என்று பாட்டிலில் விற்கிறார்கள், விலை தலைசுற்றுகிறது."
வாசகர், ஐந்து ரோடு

பாதி உண்மை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். செடி ஓடி ஒளிய முடியாது, தோலில் சிவப்பு, ஊதா நிறமிகளைச் சேர்த்துக் குடை பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த இரவும் சேர்ந்தால் ஆப்பிள் இன்னும் சிவக்கும். அந்த நிறமிகள் நமக்கும் நல்லவைதான். ஆனால் மலையில் விளைந்தாலே மருந்து என்று கிடையாது. ரகமும் பறித்த நாளும் உயரத்தைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

நீங்கள் சொல்லும் பாட்டில் அநேகமாக லடாக்கின் சீபக்தார்ன். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, மழையே இல்லாத குளிர் பாலைவனத்தில், உடம்பெல்லாம் முள்ளோடு வளரும் புதர். ஆரஞ்சு நிறத்தில் சுண்டைக்காய் அளவு பழம். வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு, இது உண்மை. ஆண் செடி தனி, பெண் செடி தனி, மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகும். வேரில் ஒரு நுண்ணுயிரியை வளர்த்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால் கல்லும் மணலுமான நிலத்திலும் தழைக்கும். லே நகரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடம் இதைப் பழரசமாக்கும் முறையைக் கண்டுபிடித்தது, மைனஸ் இருபதிலும் உறையாது என்பதால் பனிமலையில் நிற்கும் வீரர்களுக்கு உதவியது. சேலம் ஐந்து ரோட்டில் நிற்கும் உங்களுக்கு வைட்டமின் சி வேண்டுமென்றால் நெல்லிக்காய் இருக்கிறது. விலையும் தலையைச் சுற்றாது.

*

"காபியும் பழம்தானே, அதை ஏன் யாரும் பழமாக மதிப்பதில்லை? பூ மட்டும் எப்படி எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் பூக்கிறது?"
வாசகர், மஞ்சகுட்டை

மதிக்கிறேன், இதோ இடம் கொடுத்துவிட்டேன். காபி மொட்டும் தூங்கும், ஆனால் குளிரை எண்ணாது, வறட்சியை எண்ணும். தை, மாசியின் வெயிலில் மொட்டு காய்ந்து இறுகி நிற்கும்போது பங்குனியில் ஒரு நல்ல மழை, நீங்களே சொல்வீர்களே, பூ மழை, அது விழுந்தால் பத்து நாள் போல எண்ணிப் பூக்கும். மழை ஒரே நாளில் விழுந்ததால் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. அதற்கு முந்திய கதை இன்னும் பழையது: அரபிகா என்பது இரண்டு காட்டுக் காபி இனங்கள் ஆப்பிரிக்காவில் சுமார் ஆறு லட்சம் வருடம் முன்பு தற்செயலாகக் கலந்து பிறந்தது என்று 2024இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் வகைகள் குறைவு, ஒரு நோய் வந்தால் எல்லாருக்கும் வரும். இலைத் துரு பட்ட தோட்டக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

*

"பள்ளியில் அறிவியல் திட்டத்துக்கு மாணவர்களை வைத்து ஏற்காட்டுக் குளிரை அளக்கலாமா? வெப்பம் கூடுகிறது என்கிறார்களே, பழ மரங்களில் அது தெரியுமா?"
ஆசிரியை, ஏற்காடு

அவசியம் அளங்கள் டீச்சர். பழ மரத்தைப் போல நேர்மையான சாட்சி கிடையாது. ஜப்பானில் ஒரே தோட்டத்தில் முப்பது, நாற்பது வருடம் ஃபூஜி ஆப்பிளின் புளிப்பையும் இறுக்கத்தையும் விடாமல் அளந்து வைத்திருந்தார்கள். 2013இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மரம் முன்பைவிடச் சீக்கிரம் பூக்கிறது, புளிப்பு குறைந்திருக்கிறது, இனிப்பு கூடியிருக்கிறது, சதை இளகியிருக்கிறது. தின்றவர் யாருக்கும் தெரியவில்லை, நோட்டுக்குத் தெரிந்தது. இமாச்சலத்தில் இன்னும் வெளிப்படை: சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1910களில் கோட்கட் மலையில் ஆரம்பித்துவைத்த டெலிசியஸ் ஆப்பிள், குலுவின் தாழ்ந்த பகுதிகளில் குளிர் போதாமல் மாதுளைக்கும் காய்கறிக்கும் இடம் விட்டுவிட்டு, முன்பு ஆப்பிளே நினைத்துப் பார்க்காத லாஹுல், ஸ்பிதி வரை ஏறிவிட்டது. அங்கே ஏறுவதற்கு மலை இருக்கிறது. நம் சேர்வராயன் கோயில் உச்சியே 1600 மீட்டர் சொச்சம்தான்.

இரண்டு வெப்பமானி வாங்குங்கள், மணிக்கு ஒருமுறை தானே பதிவு செய்யும் சின்னக் கருவி இப்போது கிடைக்கிறது. ஒன்றைச் சரிவிலும் மற்றதைப் பள்ளத்திலும் வையுங்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் காற்று கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்; அதனால் மேலே இருக்கும் கருவியைவிடக் கீழே இருப்பது குளிராகக் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடப் போகிறார்கள், முன்பே சொல்லி வையுங்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த, நாலு பக்கமும் காற்றுப் போகும் மரப்பெட்டியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பேரி மரத்தைக் குறித்துக்கொண்டு முதல் பூ வந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கார்த்திகையில் ஆரம்பித்து மாசி முடிய. நாகலூர் வாசகரின் ஆப்பிள் மரமும் உங்கள் பள்ளியிலிருந்து அதிக தூரம் இருக்காது, அவர் சம்மதித்தால் மூன்றாவது பெட்டியை அங்கே வைக்கலாம்.